பக்கத்துச் சாளைக்குக் கேட்கும் குரைப்பு

உங்கள் வீட்டு நாய் நேற்று ராத்திரி எத்தனை மணிக்குக் குரைக்க ஆரம்பித்தது? எவ்வளவு நேரம் குரைத்தது? சட்டென்று சொல்லத் தெரியாது. அப்பாவைக் கேட்டாலும் தலையைச் சொறிவார். பக்கத்துச் சாளை அத்தையைக் கேளுங்கள். "பத்தரைக்கு ஆரம்பிச்சுது கண்ணு. நடுவால கொஞ்ச நேரம் நிறுத்துச்சு. அப்புறம் பால் வண்டி வர்ற வரைக்கும் ஓயவே இல்ல" என்று மணிக்கணக்கோடு ஒப்பிப்பார். நாய் உங்களுடையது. கணக்கு மட்டும் அவரிடம் இருக்கிறது.

இந்த விசித்திரத்துக்குக் காற்றில் ஒரு காரணம் இருக்கிறது, நம் மூளையில் ஒரு காரணம் இருக்கிறது. இரண்டையும் பார்க்கக் குண்டடத்தைவிட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை.

பல்லடத்திலிருந்து தாராபுரம் போகிற சாலையில் இருக்கிறது குண்டடம். ஊருக்குள் வீடுகள் நெருக்கமாக இருக்கும். ஊரைத் தாண்டினால் தோட்டத்துச் சாளைகள், அதாவது தோட்டத்துக்குள்ளேயே இருக்கிற வீடுகள், ஒன்றிலிருந்து இன்னொன்று ஒரு காடு தள்ளி. கிளுவை வேலி போட்ட கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், அதற்குள் ஆட்டுப்பட்டி, பக்கத்தில் மக்காச்சோளம், கொஞ்சம் தள்ளிக் கோழிப்பண்ணை, வானத்தில் காற்றாலைகள். பெரும்பாலான சாளைகளில் ஒரு நாயாவது இருக்கும். ஊரின் பெரிய கோயில் வடுகநாதருடையது. வடுகநாதர் என்றால் பைரவர். அவருக்கு வாகனமே நாய்தான். ஆகவே நாயை இங்கே யாரும் இளக்காரமாகப் பேசிவிட முடியாது!

இதே ஊர்களிலிருந்துதான் பனியன் கம்பெனி வேன்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு திருப்பூருக்குப் போகின்றன. நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வருகிறவர் காலை எட்டு மணிக்குப் படுப்பார். அவருக்குப் பகல்தான் ராத்திரி. உங்கள் நாய்க்கோ அதுதான் கீரைக்காரர், கூரியர்க்காரர், காஸ் சிலிண்டர் வண்டி என்று ஆள் நடமாட்டம் அதிகமுள்ள நேரம். தூங்குகிறவர் தூங்க வேண்டும், காவல் காக்கிறது காக்க வேண்டும். என்ன செய்வது?

முதலில் அந்தச் சத்தத்தை அளந்து பார்ப்போம்.

சத்தத்தின் அளவை டெசிபலில் சொல்வார்கள். நடுத்தர அளவுள்ள ஒரு நாய் குரைப்பது, ஒரு மீட்டர் தள்ளி நின்று கேட்டால் சுமார் 90 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். (உலக சாதனை என்று கின்னஸில் பதிவானது 113.1 டெசிபல். 2012-ல் ஆஸ்திரேலியாவில் சார்லி என்ற கோல்டன் ரெட்ரீவர் குரைத்தது. நம் ஊர் நாய்க்கு அந்தப் போட்டி வேண்டாம்.) திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கு ஆகும்போதெல்லாம் சத்தம் 6 டெசிபல் குறையும். 2 மீட்டரில் 84. 4 மீட்டரில் 78. இப்படியே போட்டுக்கொண்டு போனால் 32 மீட்டரில் 60, 64 மீட்டரில் 54, 128 மீட்டரில் 48, 256 மீட்டரில் 42. அதாவது கால் கிலோமீட்டர் தள்ளியிருக்கிற சாளையில் 42 டெசிபல் கேட்கும். அது ஒரு அமைதியான அறைக்குள் இருக்கிற சத்தம்தானே, அதற்கா அத்தை இவ்வளவு சலித்துக்கொள்கிறார்?

இங்கேதான் காற்று தன் வேலையைக் காட்டுகிறது. நாம் போட்ட கணக்கில் காற்று எல்லா உயரத்திலும் ஒரே சூட்டில் இருப்பதாக எடுத்துக்கொண்டோம். உண்மையில் அப்படி இருக்காது.

சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும், குளிர்ந்த காற்றில் மெதுவாகப் போகும். 20 டிகிரி செல்சியஸில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் சுமார் 0.6 மீட்டர் கூடும். வித்தியாசம் சின்னதுதான், ஆனால் ஒலியை வளைக்க அது போதும். மாட்டு வண்டி போகும்போது இடது சக்கரம் மட்டும் மணலில் இறங்கிவிட்டால் என்ன ஆகும்? அந்தச் சக்கரம் மெதுவாகும், வண்டி இடது பக்கமே திரும்பும். ஒலியும் எந்தப் பக்கம் மெதுவாகிறதோ அந்தப் பக்கம் திரும்பும்.

சித்திரை மாத மத்தியானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெறுங்காலில் நிற்க முடியாத அளவுக்குத் தரை காய்ந்திருக்கும். தரையை ஒட்டிய காற்று சூடு, மேலே போகப் போகச் சூடு குறைவு. குரைப்பின் மேல்பகுதி மெதுவாகப் போவதால் சத்தம் மேல்நோக்கி வளைந்து ஆகாயத்துக்குப் போய்விடும். தூரத்துச் சாளைக்கு அதிகம் வராது. ராத்திரி இது தலைகீழாகிவிடும். வானம் மேகமில்லாமல் இருந்தால் தரை தன் சூட்டை விட்டுவிட்டுச் சீக்கிரமே குளிரும். தரையை ஒட்டிய காற்று குளிர்ச்சி, அதற்கு மேலே உள்ள காற்று கொஞ்சம் சூடு. இப்போது சத்தம் கீழ்நோக்கி வளையும். மேலே போய்த் தொலைய வேண்டிய குரைப்பெல்லாம் மறுபடி தரைக்கே இறங்கி, அத்தையின் வாசலுக்கு வந்துவிடும். மார்கழி, தை மாதங்களில் காற்றே அசையாத ராத்திரிகளில் இது ரொம்பத் தெளிவாக நடக்கும். பகலில் காதில் விழாத தாராபுரம் சாலை லாரி ஹாரன் ராத்திரி கேட்பதற்கும் இதுதான் ஒரு காரணம்.

ஆடி மாதத்தில் கதை வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கிற காற்றுக்காகத்தான் இந்தப் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்று தரையில் உரசித் தரையருகே மெதுவாகவும் மேலே வேகமாகவும் போகும். காற்றோடு சேர்ந்து கிழக்கே போகிற சத்தம் கீழே வளையும். காற்றை எதிர்த்து மேற்கே போகிற சத்தம் மேலே வளைந்துவிடும். ஆகவே ஆடியில் உங்கள் நாயின் தொல்லை கிழக்குச் சாளைக்காரருக்குத்தான். மேற்கே இருப்பவர், "உங்க நாய் சாதுவுங்க, சத்தமே கேக்கறதில்ல" என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை, காற்று அப்படிச் சொல்ல வைக்கிறது.

இன்னொன்று. ராத்திரியில் மற்றச் சத்தங்கள் அடங்கிவிடுகின்றன. பகலில் 42 டெசிபல் குரைப்பு மோட்டார் சத்தத்திலும் டிராக்டர் சத்தத்திலும் மூழ்கிவிடும். ராத்திரி அதை மூழ்கடிக்க எதுவும் இல்லை.

சரி, காற்றின் பங்கு இவ்வளவு. மூளையின் பங்கு என்ன?

பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறி ஓடும் வீடுகளுக்குப் போயிருக்கிறீர்களா? தறிக்கூடத்துக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். சுவருக்கு இந்தப் பக்கம் தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். கரண்ட் போய்த் தறி நின்றதும் விழித்துக்கொள்ளும்! நம் மூளை சத்தத்தின் அளவை மட்டும் பார்ப்பதில்லை, மாற்றத்தையும் பார்க்கிறது. ஒரே மாதிரி ஓடுகிற சத்தத்தைக் கொஞ்ச நேரத்தில் ஒதுக்கி வைத்துவிடும். குரைப்பு அப்படி இல்லை. நான்கு தடவை குரைக்கும், நிற்கும். முடிந்தது என்று கண்ணை மூடும்போது மறுபடி இரண்டு தடவை. எப்போது வரும் என்று தெரியாத சத்தத்தை மூளையால் ஒதுக்க முடியாது.

அப்படியானால் உங்கள் வீட்டில் மட்டும் எல்லோரும் எப்படித் தூங்குகிறீர்கள்? அது உங்கள் நாயின் குரல். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும், அதனால் ஆபத்தில்லை என்றும் தெரியும். வேண்டுமென்றால் எழுந்து போய் நிறுத்தவும் முடியும். இந்தக் கடைசி விஷயம் ரொம்ப முக்கியம். அமெரிக்காவில் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்து 1972-ல் ஒரு புத்தகமாகவே எழுதினார்கள். ஆட்களை உட்கார வைத்து, நேரம் காலம் இல்லாமல் பெரிய சத்தம் போட்டார்கள். சத்தம் நின்ற பிறகு கஷ்டமான புதிர்களைக் கொடுத்தார்கள். சத்தத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சீக்கிரமே "முடியாது" என்று விட்டுவிட்டார்கள். சத்தம் நின்ற பிறகும் அதன் பாதிப்பு நிற்கவில்லை. வேறு சிலருக்கு அதே சத்தத்தைப் போட்டார்கள், ஆனால் கையருகே ஒரு பொத்தானை வைத்து, "தாங்க முடியாவிட்டால் இதை அழுத்துங்கள், நிறுத்திவிடுகிறோம்" என்று சொல்லியிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பொத்தானை அழுத்தவே இல்லை. முழுச் சத்தத்தையும் கேட்டார்கள். இருந்தும் புதிர்களை விடாமல் போட்டுப் பார்த்தார்கள்.

நிறுத்த முடியும் என்கிற நினைப்பே பாதித் தொல்லையைக் குறைத்துவிடுகிறது. அத்தையிடம் அந்தப் பொத்தான் இல்லை. உங்களிடம் இருக்கிறது. ஆகவே நல்ல அண்டைவீட்டுக்காரர் முதலில் செய்ய வேண்டியது நாயிடம் இல்லை, அத்தையிடம். உங்கள் நாயின் பெயர் மணி என்று வைத்துக்கொள்வோம். போய்ச் சொல்லுங்கள்: "அத்தை, ராத்திரி மணி குரைச்சுத் தூக்கம் கெட்டுதுன்னா எந்நேரமானாலும் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க, நாங்க எந்திரிச்சுப் பாத்துக்கறோம்." அவர் கூப்பிட மாட்டார். கூப்பிட்டாலும் ஒன்றிரண்டு தடவைதான். ஆனால் நம்பர் அவரிடம் இருக்கிறது.

அத்தையிடம் போனால் இன்னொரு செய்தியும் கிடைக்கும். நீங்கள் எல்லோரும் கல்யாணத்துக்கோ சந்தைக்கோ போயிருக்கும்போது மணி என்ன செய்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். தனியாக விடப்பட்டால்தான் சில நாய்கள் மணிக்கணக்கில் குரைக்கும். நீங்கள் கதவைத் திறந்ததும் வாலை ஆட்டிக்கொண்டு ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்கும். வீட்டுக்காரருக்குத் தெரியவே வாய்ப்பில்லாத குரைப்பு அது.

தனிமைக் குரைப்பும் காவல் குரைப்பும் காதிலேயே வித்தியாசமாகக் கேட்கும். ஹங்கேரியில் புடாபெஸ்ட் நகரத்து எட்வோஸ் லோராண்ட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பொங்க்ராட்ஸ், சாபா மோல்னார், ஆடாம் மிக்லோஷி என்ற ஆய்வாளர்கள் மூடி என்கிற ஆடு மேய்க்கும் நாய்களின் குரைப்பைப் பல சந்தர்ப்பங்களில் பதிவு செய்தார்கள். வேலிக்கு வெளியே அந்நியர் நிற்கும்போது, மரத்தில் கட்டிவிட்டு எல்லோரும் போய்விடும்போது, பந்து விளையாடும்போது, உலாத்தக் கிளம்பும்போது. அதை ஆட்களிடம் போட்டுக் காட்டி, நாய் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டார்கள். 2005-ல் வெளியான முடிவு: குருட்டாம்போக்கில் சொல்வதைவிட நிறையப் பேர் சரியாகச் சொன்னார்கள். நாய் வளர்க்காதவர்களும் சரியாகச் சொன்னார்கள். தடித்த குரலில், இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து வந்தால் கோபம். கீச்சுக் குரலில், விட்டுவிட்டு வந்தால் பயம் அல்லது தனிமை. பிறகு 6, 8, 10 வயதுப் பிள்ளைகளையும் வைத்துச் சோதித்து 2011-ல் எழுதினார்கள். குரைப்புக்குக் குரைப்பு வித்தியாசம் கண்டுபிடிக்கச் சின்னப் பிள்ளைகளுக்கும் காது இருக்கிறது. ஆகவே "எனக்கு நாய் பாஷை தெரியாது" என்று நீங்கள் தப்பிக்க முடியாது.

குண்டடத்தில் இந்த வித்தியாசத்தைத் தெரிந்து வைத்துக்கொள்வதற்கு வேறொரு அவசியமும் இருக்கிறது. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், குண்டடம் பக்கமெல்லாம் சில வருடங்களாகத் தெருநாய்க் கூட்டங்கள் ராத்திரியில் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துப் போட்டுவிடுகின்றன. விடிந்து போய்ப் பார்த்தால் பத்துப் பதினைந்து ஆடுகள் செத்துக் கிடக்கும். விவசாயிகள் செத்த ஆடுகளைக் கொண்டுவந்து வைத்தே போராடினார்கள். 2025-ல் அரசு இதற்கு இழப்பீடு அறிவித்தது. அப்படிப்பட்ட ராத்திரியில் பக்கத்துச் சாளை நாய் குரைப்பதை யாரும் தொல்லை என்று சொல்ல மாட்டார்கள். எழுந்து டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள்.

ஆனால் எழுந்து ஓட வேண்டுமானால் அந்தக் குரைப்புக்கு ஒரு மதிப்பு இருக்க வேண்டும். ஓணானுக்கும் குரைக்கும், உதிர்கிற பனை மட்டைக்கும் குரைக்கும், ராத்திரி முழுக்கக் குரைக்கும் என்றால் உண்மையிலேயே பட்டிக்குள் நாய் புகுந்த அன்றும் யாரும் போர்வையை விலக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால், குரைக்காத நாய் இந்த ஊருக்குத் தேவையில்லை. காரணத்தோடு குரைத்துவிட்டு நிறுத்தத் தெரிந்த நாய்தான் தேவை.

அப்படியொரு நாய்க்குத் தமிழ்நாட்டில் கல்லே நட்டிருக்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது, அதாவது ஏழாம் நூற்றாண்டு. மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக எடுத்த கல். அவன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்தது என்று கல்லில் எழுதியிருக்கிறது. சுமார் 1,400 வருடத்துக்கு முந்தைய மனிதர்களில் எத்தனையோ பேரின் பெயர் நமக்குத் தெரியாது. ஒரு நாயின் பெயர் தெரியும்!

காரணமில்லாத குரைப்பை நாய் எங்கே கற்றுக்கொள்கிறது? பெரும்பாலும் நம் வாசலில்தான். காலையில் கம்பெனி வேன் வருகிறது. மணி குரைக்கிறது. அக்கா ஏறியதும் வேன் போய்விடுகிறது. நமக்குத் தெரியும், வேன் எப்படியும் போகத்தான் போகிறது. மணிக்கு அது தெரியாது. "நான் குரைத்தேன், அந்தப் பூதம் ஓடிவிட்டது" என்பதுதான் அதன் கணக்கு. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1898-லேயே பூனைகளைக் கூண்டில் வைத்துக் கண்டுபிடித்தது இதைத்தான்: எந்தச் செயலுக்குப் பின் நல்லது நடக்கிறதோ அந்தச் செயலை விலங்கு மறுபடி செய்யும். தினமும் காலையில் மணிக்கு ஒரு வெற்றி. சாயங்காலம் இன்னொரு வெற்றி. அப்புறம் எப்படி நிறுத்தும்?

நீங்கள் உள்ளேயிருந்து "ஏய், சும்மா இரு!" என்று கத்துவதும் உதவாது. நீங்களும் சேர்ந்து குரைப்பதாகத்தான் அதற்குத் தோன்றும். அடிப்பது அதைவிட மோசம். பயந்த நாய் இன்னும் குரைக்கும், அல்லது குரைக்காமல் நேராகக் கடித்துவிடும்.

வேலை செய்கிற வழிகள் எளிமையானவை. ரோட்டைப் பார்த்துக் கட்டியிருந்தால், அந்தப் பக்கம் தென்னந்தடுக்கோ பச்சை வலையோ மறைப்பாகக் கட்டுங்கள். பார்க்காததற்குப் பல நாய்கள் குரைக்காது. கயிற்றை நீளமாக்குங்கள். இரண்டு மரத்துக்கு நடுவே ஒரு கம்பி இழுத்து, சங்கிலியின் வளையத்தை அதில் கோத்துவிட்டால் நாய் அந்த நீளம் முழுக்க நடக்கலாம். சாயங்காலம் அரை மணி நேரம் வரப்போரம் கூட்டிப் போங்கள். இழுத்துக்கொண்டு ஓடாமல், அது முகர்ந்து பார்க்க நின்றால் நீங்களும் நில்லுங்கள். முகர்வதுதான் நாய்க்குப் பேப்பர் படிப்பது. அதை முடித்துவிட்டு வந்த நாய் ராத்திரி நிம்மதியாகப் படுக்கும். தண்ணீர்த் தொட்டி காலியா, காதில் உண்ணி இருக்கிறதா என்றும் பாருங்கள். வயதான நாய் திடீரென்று ராத்திரியில் குரைக்க ஆரம்பித்தால் வலி இருக்கலாம், கண்ணும் காதும் மங்கிக் குழப்பம் வந்திருக்கலாம். கால்நடை மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும்.

பிறகு "போதும்" என்ற சொல்லைப் பழக்குங்கள். மணி இரண்டு மூன்று தடவை குரைக்கட்டும், அது அதன் வேலை. நீங்கள் எழுந்து போய், அது பார்க்கிற பக்கம் நீங்களும் பாருங்கள். மெதுவான குரலில் "போதும்" என்று சொல்லி, வேகவைத்த கோழித் துணுக்கு ஒன்றை மூக்கருகே காட்டுங்கள். ஒரே நேரத்தில் மோப்பம் பிடிக்கவும் குரைக்கவும் நாய்க்குக் கஷ்டம். வாய் மூடியதும் மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டுக் கொடுங்கள். அடுத்த வாரம் ஐந்து, அப்புறம் பத்து. வீட்டு நாயிடம் மட்டும், பெரியவர் யாராவது பக்கத்தில் இருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். தெருநாய்களிடம் கூடவே கூடாது. துணுக்கைக் குழம்புச் சட்டியிலிருந்து எடுக்காதீர்கள். இந்தப் பக்கம் சின்ன வெங்காயம் இல்லாமல் குழம்பு ஏது? வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. கூப்பாடு போட்டால் அவிழ்த்துவிடுவார்கள் என்று பழகிய நாயை, இனிமேல் கூப்பாட்டுக்கு அவிழ்ப்பதில்லை என்று முடிவு செய்தால், முதல் சில நாள்கள் அது முன்னைவிட அதிகமாகக் குரைக்கும். இவ்வளவு நாள் பலித்தது இன்று ஏன் பலிக்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டிப் பார்க்கும். அந்த நேரத்தில் மனமிரங்கி அவிழ்த்துவிட்டால், அவ்வளவு கத்தினால்தான் அவிழ்ப்பார்கள் என்று கற்றுக்கொண்டுவிடும். இந்த நாள்களைப் பற்றி அத்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டில் யாருக்காவது பரீட்சை இருந்தால் அது முடிந்த பிறகு ஆரம்பியுங்கள்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்றும் கேட்பீர்கள். ஒலி மாசு பற்றிய 2000-ஆம் ஆண்டு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் என்று வைத்திருக்கின்றன. அது சராசரிக் கணக்கு, ஒவ்வொரு குரைப்பையும் அளந்து அபராதம் போடுவதற்கு இல்லை. இந்திய விலங்கு நல வாரியம் 2015-ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. குரைப்பது நாயின் இயல்பு, அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று அது அக்கம்பக்கத்தாரிடம் சொல்கிறது. அதே மூச்சில், ராத்திரியில் நாயை அமைதியாக வைக்க எல்லா முயற்சியும் எடுங்கள் என்று வளர்ப்பவரிடமும் சொல்கிறது.

அந்த வாரியத்துக்கு முதல் தலைவர் யார் தெரியுமா? சென்னையில் கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல். மதுரையில் பிறந்தவர். 1952-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டபோது, நடனத்தைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு விலங்குகளைப் பற்றிப் பேசினார். வாயில்லா ஜீவன்களுக்கு ஒரு சட்டம் வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். அதன் பலனாக 1960-ல் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது, 1962-ல் வாரியம் வந்தது. அந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில் நாய்க்கென்றே ஒரு வரி இருக்கிறது. எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்குத் தேவையான நடமாட்டம் கொடுக்காமல் விட்டால் அது வதைதான், வளர்ப்பவர் மேல் குற்றம். கட்டிப்போட்ட நாய் ராத்திரியெல்லாம் ஏன் குரைக்கிறது என்பதற்கு அந்த வரியிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டிய சோதனை. ஒரு நோட்டை எடுத்துப் பக்கத்தை இரண்டாக மடித்துக் கிழியுங்கள். இடப் பக்கம் உங்களுக்கு, வலப் பக்கம் அத்தைக்கு. ஒரு வாரம், எந்த நேரத்தில் குரைத்தது, ஏறக்குறைய எவ்வளவு நேரம் என்று இருவரும் ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் எழுதுங்கள். வீட்டில் யாரும் இல்லாத நேரத்துக்கு ஒரு பழைய செல்போனில் ரெக்கார்டரைப் போட்டு வைத்துவிட்டுப் போங்கள். காற்று எந்தப் பக்கம் அடித்தது, வானத்தில் மேகம் இருந்ததா என்பதையும் ஒரு ஓரத்தில் குறியுங்கள். காற்றாலை எந்தப் பக்கம் முகம் காட்டி நிற்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் காற்று வருகிறது, அதற்குத் தனிக் கருவி தேவையில்லை.

ஒரு நாள் சாயங்காலம் அத்தையின் வாசலுக்கே போய் நில்லுங்கள். தம்பியை அனுப்பி உங்கள் வீட்டுக் கேட்டைத் தட்டச் சொல்லுங்கள். மணி குரைப்பதை அங்கிருந்து கேளுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு அப்பாவோடு போய் அதே இடத்தில் நின்று மறுபடி கேளுங்கள். செல்போனில் டெசிபல் காட்டும் செயலி இருந்தால் இரண்டு எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். செல்போன் எண் அவ்வளவு துல்லியமாக இருக்காது, ஆனால் ஒரே போனில் எடுத்த இரண்டு எண்களை ஒப்பிடலாம்.

வாரக் கடைசியில் நோட்டின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். அத்தை எழுதியிருப்பதில் எத்தனை உங்கள் பக்கத்தில் இல்லை என்று எண்ணுங்கள். அவற்றில் எத்தனை ரெக்கார்டரில் இருக்கின்றன என்று பாருங்கள். ஊரில் சந்தை கூடுகிற நாளை மட்டும் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். அன்று ஆடுமாடு ஏற்றிய வண்டிகள் வந்துகொண்டே இருக்கும், மணிக்குக் குரைக்க நியாயமான காரணங்கள் ஏகப்பட்டவை கிடைக்கும். அதை மற்ற நாள்களோடு கூட்டிச் சராசரி போட்டால் கணக்கு கெட்டுவிடும்.